அறுத்த காட்டுக்குக் காவல்

மருத்துவர் நீட்டிய தாளில் ஏழு கேள்விகள் இருந்தன. கடந்த 2 வாரத்தில் படபடப்பாக இருந்ததா, கவலையை நிறுத்த முடியாமல் தவித்தீர்களா, கெட்டது ஏதோ நடக்கப்போகிறது என்று பயந்தீர்களா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். வாத்தியார் புத்தி, பதிலைக் குறித்ததோடு நிற்கவில்லை. கூட்டிப் பார்த்து அடியில் எழுதி வட்டமும் போட்டுக் கொடுத்தேன்: 16.

"இருபத்தொண்ணுக்குப் பதினாறு. பாஸ்தானே டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. அந்தத் தாளின் கடைசியில் மதிப்பெண் கணக்கில் சேராத ஒரு கேள்வி இருக்கும். இந்தத் தொல்லைகளால் உங்கள் வேலையைச் செய்வதும், வீட்டைப் பார்த்துக்கொள்வதும், மனிதர்களோடு பழகுவதும் எவ்வளவு கடினமாகிவிட்டது? 'கொஞ்சமும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தேன். பதினாறை விட்டுவிட்டு அந்த டிக்கைத்தான் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பொய் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் வீடு, கல்வராயன் மலையில் பள்ளிக்கூடம். கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதன்பிறகு வளைவுகள் என்று தினமும் ஏறி இறங்கும் பிழைப்பு. இத்தனை வருடத்தில் காலைப் பேருந்தை நான் விட்டதே இல்லை. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு ஏற்ற, செல்போன் அலை கிடைக்கும் பாறை எது என்று எனக்குத் தெரியும். ஆடிட் வந்தால் என் பதிவேடுகளைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். "சார்கிட்ட குடுத்தா முடிஞ்ச மாதிரி" என்று பள்ளியில் ஒரு வாசகமே உண்டு. அந்தப் பேருந்தை விட்டுவிடுவோமோ என்று நான் இரவு 3 மணிக்கே விழித்துக் கிடப்பதும், முடித்துக் கொடுத்த பதிவேட்டை மனத்துக்குள் மறுபடி மறுபடி புரட்டுவதும் பள்ளியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும், நல்ல விஷயம்தானே என்பார்கள்.

மனநல மருத்துவரிடம் நேராகப் போகவில்லை, நம் ஊரில் யார் போகிறார்கள்? முதலில் நெஞ்சு. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருந்ததும் 'கேஸ் டிரபிள்' என்று முடிவாகி ஓமத்தண்ணீர், பூண்டுப்பால். ஒரு அத்தை வேப்பிலையால் மந்திரித்து, "பயந்த கோளாறு" என்றார். இப்போது யோசித்தால், அத்தனை பேரிலும் சரியாகச் சொன்னவர் அந்த அத்தைதான். பயம் என்ற சொல்லை எடுத்தவர் அவர் ஒருவரே.

'ஹை ஃபங்ஷனிங் ஆங்ஸைட்டி' என்று இதற்குப் பெயர் சொல்கிறார்கள். வேலை எதுவும் நிற்காமல் நடக்க, உள்ளே மட்டும் ஓயாமல் இரைகிற பதற்றம். இந்தப் பெயர் மருத்துவ நூல்களில் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5-லும் கிடையாது, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11-லும் கிடையாது. இருப்பது பொதுப் பதற்றக் கோளாறு என்ற பெயர். அதற்கான விதிகளில் ஒன்றை மருத்துவர் எனக்கு விளக்கினார். இந்தக் கவலை ஒருவருக்குக் கடும் வேதனையைத் தரவேண்டும், அல்லது அன்றாட வேலையைக் கெடுக்க வேண்டும். என் வழக்கு அந்த 'அல்லது'வில் தொங்குகிறது. நம் வீடுகளும் அலுவலகங்களும் அந்த வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் படிக்கின்றன. வேலை கெடவில்லையா? அப்படியானால் நோய் இல்லை.

தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 'பொறுப்பு'. "பொறுப்பான பையன்" என்று ஏழு வயதில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயருக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவனுக்கு நோய் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். ராத்திரி இரண்டு முறை எழுந்து சிலிண்டர் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பவனை ஊர் மெச்சும். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது. மருத்துவர் இல்லாமை, பணம் இல்லாமை, வெட்கம் எல்லாம் காரணங்கள்தான். அந்த 85-க்குள் பாராட்டு வாங்கிக்கொண்டே வாழ்கிறவர்களும் கணிசமாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

இனி என் பூட்டுக் கதை. மாலையில் அலுவலக அறையைப் பூட்டுவது என் வேலை. பூட்டுவேன், இழுத்துப் பார்ப்பேன். நிறுத்தம் வரை நடந்து, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பேன். நல்ல திண்டுக்கல் பூட்டு, ஒருநாளும் அது என்னைக் கைவிட்டதில்லை. பிறகு ஏன்? இழுத்துப் பார்த்து, பூட்டியிருக்கிறது என்று தெரிகிற அந்த நொடியில் அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி இறங்கும். மூளைக்கு அதுதான் கூலி. ஒன்றைச் செய்தோம், நிம்மதி வந்தது, ஆகவே நாளையும் செய் என்று அது கணக்கு எழுதிக்கொள்கிறது. பூட்டு திறக்காததற்குக் காரணம் பூட்டு என்று அது எழுதுவதில்லை, நான் திரும்பிப் போனதுதான் என்று எழுதுகிறது. கவலைப்பட்ட காரியங்களில் பெரும்பாலானவை நல்லபடியாகவே முடிகின்றன. ஒவ்வொன்றின் பெருமையையும் கவலை தன் பெயரில் வரவு வைத்துக்கொள்கிறது. இப்படி ஒரு கணக்குப்பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தக் கடையும் உருப்பட்டதில்லை.

மூளையைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் அமிக்டலா என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும். இரு பொட்டுகளுக்கும் உள்ளே, ஆழத்தில், பாதாம் பருப்பு அளவில் பக்கத்துக்கு ஒன்று. அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருளே பாதாம்தான். கண்ணோ காதோ தரும் தகவலை அறிவு அலசி முடிப்பதற்குள் அது மணியடித்துவிடும் என்பதை ஜோசப் லெடூ போன்றவர்கள் விளக்கினார்கள். அரைத்தூக்கத்தில் கயிறு பாம்பாவது அந்த வேகத்தில்தான். ஆனால் 'பயத்தின் மையம்' என்று அதன்மேல் பலகை மாட்டுவது அவசரம். அரிய நோய் ஒன்றால் இரண்டு அமிக்டலாவும் சிதைந்துபோன ஓர் அமெரிக்கப் பெண்ணை ஆய்வுலகம் எஸ்.எம். என்று குறிப்பிடுகிறது. பாம்புக்கும் அவர் அஞ்சமாட்டார், பேய்ப்படத்துக்கும் அஞ்சமாட்டார். கரியமில வாயு 35 சதவீதம் கலந்த காற்றை அவரைச் சுவாசிக்கச் செய்தபோது பீதியில் துடித்துப்போனார் என்று 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெளியிலிருந்து வரும் பயம் ஒரு வாசலில் நுழைகிறது, உடம்புக்குள்ளிருந்து கிளம்பும் பயத்துக்கு வேறு வாசலும் இருக்கிறது. நெஞ்சடிப்பையே அபாயம் என்று வாசித்து, அந்த வாசிப்பாலேயே நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

எனக்கு அதிகம் உறைத்த ஆய்வு பெங்களூரில் நடந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, எலிகளைத் தினம் 2 மணி நேரம் அசையவிடாமல் கட்டிவைத்தது, 10 நாட்களுக்கு. நினைவுக்கான ஹிப்போகாம்பஸில் நரம்புச் செல்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. இது 2002. நெருக்கடி என்றால் மூளை முழுக்க வாடும் என்று நினைத்திருந்தவர்களுக்கு, ஒரு பகுதி வாடும்போது இன்னொரு பகுதி தழைக்கும் என்பது வியப்புதான். பிறகு 21 நாள் எலிகளைச் சும்மா விட்டார்கள். ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது. அமிக்டலா தேறவில்லை. உயரத்தில் கூட்டல் குறிபோல அமைத்த பாதையில் விட்டால், அந்த எலிகள் தடுப்பு இல்லாத கைகளுக்குப் போகத் தயங்கின. 2005-இல் வந்த இன்னொரு ஆய்வில் ஒரே ஒரு நாள், 2 மணி நேரம் மட்டும் கட்டிவைத்தார்கள். மறுநாள் பார்த்தால் ஒன்றுமில்லை. 10 நாள் கழித்துப் பார்த்தால் அமிக்டலா செல்களின் கிளைகளில் முள் போன்ற புதிய நுண்முளைகள் தோன்றியிருந்தன, எலி அஞ்சியது.

எலிக்கு ஆனது எனக்கும் அப்படியே ஆகும் என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால் அந்த 'மறுநாள் ஒன்றுமில்லை' என்ற வரியில் நான் நின்றுவிட்டேன்.

2024 ஜூன் 19. பள்ளி திறந்து 10 நாள்கூட ஆகவில்லை. அன்று காலை என் கவலை, விலையில்லாப் பாடநூல் பதிவேட்டில் ஒரு எண் உதைத்ததுதான். பேருந்து நிலையத்துக்கு வந்தபோதுதான் ஆம்புலன்ஸ்கள். ஊருக்கு நடுவில் இருக்கும் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். சாராயத்தில் மெத்தனால். குடித்ததும் போதை மட்டும்தான் இருக்கும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றியபிறகுதான் வயிற்றுவலியும், பார்வை மங்கலும், மூச்சுத்திணறலும் வரும். அதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால் பக்கத்து வீட்டில் ஒருவர் விழுந்ததற்கும் தான் குடித்ததற்கும் தொடர்பு இருப்பதாகப் பலருக்குத் தோன்றவே இல்லை. 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் தெருவில் மூட்டை இறக்க வருகிற ஒருவரும் அவர்களில் உண்டு. நான் மருத்துவமனைக்கு ஓடினேன், படிவம் நிரப்பினேன், உறவுக்காரர்களுக்குத் தகவல் சொன்னேன், சுடுகாட்டுக்குப் போனேன். கை நடுங்கவில்லை. "சார் மாதிரி ஆளு ஒருத்தர் இருந்தா போதும்" என்றார்கள். நெருக்கடி வந்துவிட்டால் என்னைப் போன்ற பதற்றக்காரர்களுக்கு ஒரு விபரீத அமைதி வந்துவிடும். வாழ்நாள் முழுக்க ஒத்திகை பார்த்த நாடகம் அல்லவா.

மாதம் முடிந்து, ஊர் கொஞ்சம் அடங்கியபிறகு, ஒரு ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது விரல்கள் மரத்தன. மூச்சு பாதியில் நின்றது. சாகப்போகிறேன் என்று நினைத்தேன். அங்கிருந்துதான் அந்த ஈசிஜியும் ஓமத்தண்ணீரும்.

ஒன்று மட்டும் இன்றைக்கும் விளங்கவில்லை. இத்தனை வருடம் விழித்திருந்து காவல் காத்தேனே, சிலிண்டரை, பூட்டை, பதிவேட்டை. கூப்பிடு தூரத்தில் நடந்தது என் பட்டியலிலேயே இல்லை.

மலைக்கு வருகிறவர்கள் பெரியார் அருவியில் குளித்துவிட்டு, மேகம் அருவி எங்கே என்று கேட்டுக்கொண்டே, "இங்க டென்ஷனே இல்ல சார், நிம்மதியான ஜனங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டுச் சலித்துவிட்டேன். அந்த வருடம் கார்த்திகையில் ஒரு சாயங்காலம், பூட்டைப் பார்க்கத் திரும்பி வந்ததில் கடைசிப் பேருந்து போய்விட்டது. பேருந்தை விட்டுவிடுவோமோ என்று 3 மணிக்கு விழிக்கிறவன், பூட்டு என்ற இன்னொரு பயத்தால் பேருந்தை விட்டேன். மாணவன் ஒருவனின் தாத்தா, "பரணுக்கு வாங்க சார், பேசிக்கிட்டு இருக்கலாம்" என்று கூட்டிப்போனார்.

சாமைக்காட்டின் ஓரத்தில் நாலு கம்பு நட்டு, மேலே தட்டி விரித்த பரண். ஒரு தகர டின், ஒரு டார்ச், கம்பளி. கீழே நாய். காட்டுப்பன்றி இறங்கினால் ஒரு ராத்திரியில் ஒரு வருடச் சாப்பாடு போய்விடும். சங்கப் பாட்டில் குறிஞ்சிப் பெண் தினைப்புனத்துப் பரணில் தட்டையும் குளிரும் கவணும் வைத்துக்கொண்டு கிளி ஓட்டுவதைப் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். காதலன் வந்து சந்திக்கிற இடமும் அதுதான். தினை அறுத்துவிட்டால் காவல் முடிந்தது, சந்திப்பும் முடிந்தது, பெண் வீட்டுக்குப் போயாக வேண்டும். அந்தப் பாட்டுகளில் அறுவடை வருகிறதே என்று தோழி கலங்குவாள்.

பெரியவர் டின்னைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தார். பிறகு படுத்துத் தூங்கிவிட்டார்! நான் விழித்துக்கொண்டு இருட்டைத் துழாவினேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து மறுபடி தட்டினார், மறுபடி தூங்கினார்.

"எப்படிங்கய்யா தூக்கம் வருது? பன்னி வந்துட்டா?"

"வந்தா நாய் சொல்லும் சார். அதுக்குத்தான சோறு போடறேன்."

பக்கத்துக் காட்டில் இன்னொரு பரண் இருட்டில் வெறுமையாக நின்றது. அங்கே ஏன் ஆள் இல்லை என்று கேட்டேன். என்னை ஒருமாதிரி பார்த்தார். "அறுத்தாச்சே சார். அறுத்த காட்டுல எதுக்குக் காவல்?"

இத்துடன் நிறுத்தினால் இந்தக் கட்டுரை அழகாக முடிந்துவிடும். மலைக்கிழவர் ஞானம் சொன்னார், நகரத்து வாத்தியார் திருந்தினார். ஆனால் அந்த ராத்திரி அப்படி முடியவில்லை. தூரத்தில் ரோட்டில் ஒரு ஜீப் ஏறும் சத்தம் கேட்டது. நாய் குரைப்பதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார். டார்ச்சை அணைத்தார். ஜீப் கடந்துபோகும் வரை பேசவில்லை. பீடி பற்றவைக்க மூன்று தீக்குச்சி ஆனது.

"பன்னிக்கு எனக்கு பயமில்ல சார். பன்னி பட்டாவக் காட்டுன்னு கேக்காது."

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்றால் நம்மை ஆள்பவர். விலங்குக்கும் அணங்குக்கும் மலை ஜனங்கள் வழி வைத்திருக்கிறார்கள். விலங்குக்குப் பரண், அணங்குக்குக் கரியராமர் கோயில். நாலாவதுக்குத்தான் வழி இல்லை. மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை இது. இந்தியா விடுதலை அடைந்து 29 வருடம் கழித்து, 1976-இல்தான் ஜாகீர் இங்கே ஒழிந்தது. பெரியவருக்கு அப்போது மீசை முளைத்துவிட்டது. ஜாகீர் ஆள் வந்தால் தன் அப்பா எழுந்து நிற்பாராம், வேலையை விட்டுவிட்டு. ஜாகீருக்குப்பின் வனத்துறை, கருணாபுரத்துக்குப்பின் சாராய ஊறல் தேடும் போலீஸ். அதே 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது நல்ல செய்திதான். அந்த நல்ல செய்தியைப் பார்வையிட வரும் அதிகாரிகளும் ஜீப்பில்தான் வருகிறார்கள்.

அவர் பயமும் என் பயமும் ஒன்றல்ல. அவர் காது எதற்காக விடைக்கிறதோ அது உண்மையில் வந்திருக்கிறது, இனியும் வரும். அதற்கு மாத்திரை கொடுப்பது அயோக்கியத்தனம், பட்டா கொடுக்க வேண்டும். நான் காவல் காப்பது அறுத்த காட்டை. எனக்கு மாத்திரை கொடுக்கலாம். இந்த வித்தியாசத்தை மனநலம் பேசுகிற நம்மில் பலர் பார்ப்பதில்லை. எல்லாப் பதற்றத்தையும் மண்டைக்குள் வைத்துப் பூட்டுகிறோம். மாறாக, எல்லாம் சமூகத்தின் குற்றம் என்று சொல்லி என்னைப் போன்றவனை மருத்துவரிடம் போகவிடாமல் செய்வோரும் உண்டு. இரண்டு கட்சிக்காரர்களையும் ஒருநாள் அந்தப் பரணில் உட்காரவைக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடுகிறேன். அது வேலை செய்யச் சில வாரம் ஆனது. அதற்குள் நிறுத்திவிடலாம் என்று நாலு தடவை நினைத்தேன். பேச்சு சிகிச்சையில் வீட்டுப்பாடம் தருகிறார்கள். பூட்டை ஒரே முறை பூட்டு, திரும்பிப் போகாதே, வயிறு என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டு நில். பழைய பயம் இதனால் அழிந்துவிடாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். பாவ்லோவின் நாய்க் காலத்திலிருந்தே தெரிந்த உண்மை இது. மூளை பழைய பாடத்தை அழிப்பதில்லை, அதன்மேல் புதிய பாடத்தை எழுதுகிறது. பலகையைத் துடைக்காமல் எழுதுகிற வாத்தியார். களைத்த நாளில், ஊர் மாறிய நாளில், பழைய எழுத்து மேலே தெரியும். தெரிகிறது. முதல் வாரம், பேருந்து வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து இறங்கும்போது, ஒவ்வொரு ஹாரனுக்கும் பூட்டு திறந்து தொங்குவது போன்ற படம் வந்தது. சமவெளிக்கு வந்ததும் ஓட்டுநர் ஹாரனை நிறுத்தினார். எனக்கு வீடு வரை அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரி சிலிண்டர் பக்கம் நான் போவதைப் பார்த்தால், "ஏங்க, அது அங்கதான் இருக்குது, எங்கயும் போவல" என்பாள். இப்போது ராத்திரியில் ஒருமுறைதான் போகிறேன். போகாமல் இருந்த ராத்திரிகளும் உண்டு.

போன தடவை அந்த ஏழு கேள்விகளுக்கு 9 வந்தது. மதிப்பெண் குறைந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அது முதல்தடவை. மதிப்பெண் இல்லாத கடைசிக் கேள்விக்கு, 'ஓரளவு கடினம்' என்று குறித்தேன். இதுதான் முன்னேற்றம் என்றார் மருத்துவர்.

இதை எழுதியது இதற்காக: டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், காசில்லை. வேலை நன்றாக நடக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், அப்படிப்பட்டவர்களும் அழைக்கலாம். கல்வராயன் மலையில் சில ஊர்களில் இருப்பவர்கள் இந்த எண்ணைப் போட, முதலில் அலை கிடைக்கும் மேடு வரை நடக்க வேண்டும்.